ரெடிமேட் வீட்டுக்கு ஒரு நல்ல வாசல்: வட சென்னை மண்ணில் எங்கிருந்து தொடங்குவது?

மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கம் மனை வாங்கிப் போட்டவர்களில் சிலர் இப்போது செங்கல் கட்டடத்துக்குப் பதிலாக ரெடிமேட் வீட்டை இறக்கிக்கொள்கிறார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனல் அறை, சிமென்ட் போர்டு வீடு, பழைய கன்டெய்னரில் ஜன்னல் வெட்டிச் செய்த வீடு என்று பல வகை உண்டு. பட்டறையில் செய்து, லாரியில் ஏற்றி, கிரேன் வைத்து இறக்கிவிட்டால் பெரிய வேலை முடிந்தது. செலவு மிச்சம், நாளும் மிச்சம். ஆனால் பார்க்க வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "உள்ள நல்லாத்தான் இருக்கு. வெளிய இருந்து பார்த்தா சைட் ஆபீஸ் மாதிரி இருக்கே?"

இதைக் கேட்டதும் முதலில் பெயின்ட் கடைக்கு ஓடுகிறோம், அடுத்து நர்சரிக்கு. இந்த வரிசை தலைகீழ் என்பது என் கருத்து. முதலில் தரை, அடுத்து தண்ணீர் போகும் வழி, அப்புறம் நிழல், கடைசியில்தான் பூச்செடி. வட சென்னையில் இந்த வரிசையை மாற்றிச் செய்த தோட்டம் ஒரு ஐப்பசி மழையைத் தாண்டுவது கடினம்.

லேண்ட்ஸ்கேப் என்றதும் புல்வெளியும் நீரூற்றும் நினைவுக்கு வந்தால் அதைச் சற்று ஒதுக்கி வையுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தின் மேடு பள்ளம், நடக்கும் வழி, உட்காரும் இடம், மரம், செடி, மழைநீர் எல்லாவற்றையும் ஒன்றாக யோசித்து அமைப்பதற்குத்தான் அந்தப் பெயர். திண்ணை, முற்றம், கிணற்றடி வாழை, கொல்லை முருங்கை என்று நம் பழைய வீடுகளில் இருந்ததும் அதே யோசனைதான்.

ரெடிமேட் வீடு வெளியிலிருந்து வெறுமையாகத் தெரிவதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். அது தரையோடு ஒட்டாமல் கட்டைகளின் மேல் நிற்கிறது, அடியில் இருட்டாக ஓர் இடைவெளி. அடுத்து, நீளமாக ஒரே மட்டத்தில் இருக்கிறது. 20 அடி கன்டெய்னர் என்றால் 8 அடி அகலம், எட்டரை அடி உயரம். பார்வை தங்குவதற்குத் தூணோ வளைவோ எதுவும் கிடையாது. மூன்றாவது, வாசல் எது என்பது சட்டென்று தெரிவதில்லை. கதவும் ஜன்னலும் ஒரே தகட்டில் வெட்டிய ஓட்டைகளாகவே தெரியும். இந்த மூன்றையும் வீட்டைத் தொடாமல், சுற்றியுள்ள நிலத்தை வைத்தே சரிசெய்துவிட முடியும்.

அமெரிக்காவில் இந்த வேலை நிறைய நடக்கிறது. அங்கே தொழிற்சாலையில் செய்து இரும்புச் சட்டத்தின் மேல் சக்கரம் பூட்டிக் கொண்டுவரும் வீடுகளுக்கு 1976 முதல் தனியாக மத்திய அரசுத் தரவிதிகள் உண்டு. அந்த வீடுகளின் அடி இடைவெளியைச் சுற்றிப் பாவாடை போலப் பலகையோ கல்லோ வைத்து மறைப்பார்கள், அதன் முன்னால் செடி வரிசை வைப்பார்கள். மறைப்பதிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பொதுவாக 150 சதுர அடித் தரைக்கு 1 சதுர அடி அளவு காற்றுத் திறப்பு விட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் ஈரம் தேங்கிச் சட்டம் கெட்டுவிடும். 20 அடி கன்டெய்னரின் தரை 160 சதுர அடி என்பதால் அதே கணக்கு நமக்கும் கைகொடுக்கும். ஆனால் அங்கே போடும் செடிகளையும் புல்லையும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் உப்புக்காற்றும் வெயிலும் வெள்ளமும் வேறு.

சரி, தரையிலிருந்து தொடங்குவோம்.

மணலி, மாதவரம், வியாசர்பாடி பக்கம் பல இடங்களில் களிமண். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, வெயிலில் வெடித்துப் பிளக்கும். எண்ணூர், திருவொற்றியூர்க் கரையோரம் மணல். தண்ணீரைப் பிடித்து வைக்காது. இவை இரண்டையும்விட அதிகம் காணப்படுவது மூன்றாவது வகை: மேடாக்குவதற்காக லோடு லோடாக மண் அடித்த மனை. மேலே கிராவல், கீழே எங்கேயோ இடித்த கட்டடத்தின் ரப்பிஷ். எந்த மண் என்று தெரியாமல் செடி வாங்குவது வீண். மனையின் இரண்டு மூன்று இடங்களில் இரண்டடி ஆழம் தோண்டிப் பாருங்கள். குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று கவனியுங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே மேட்டுப்பாத்தி கட்டித்தான் செடி வைக்க வேண்டும்.

அடுத்து வெள்ளத்தின் மட்டம். பூண்டி ஏரியின் உபரிநீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு எங்கெல்லாம் ஏறும் என்பது மணலி புதுநகர்க்காரர்களுக்குப் பாடம். புது மனைக்குப் போகிறவர்கள் அக்கம்பக்கத்துப் பழைய மதில் சுவர்களைப் பார்க்கலாம். தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு இருக்கும். அதற்குக் கீழே வண்ணம் உரிந்து உப்புப் பூத்திருக்கும். வீட்டைத் தாங்கும் கட்டைகள் அந்தக் கோட்டுக்கு மேலே வர வேண்டும். முற்றத்தை அந்த அளவுக்கு உயர்த்த வேண்டியதில்லை. தண்ணீர் வந்து போகட்டும், தேங்காமல் போனால் போதும்.

தேங்காமல் இருக்க வீட்டைச் சுற்றிய நிலம் வீட்டைவிட்டு விலகிச் சரிய வேண்டும். 10 அடிக்கு 6 இஞ்சு சரிவு நல்ல அளவு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்க்கும். வடகிழக்குப் பருவத்தில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது புதிதல்ல. அப்படி ஒரு நாள் பெய்தால் 20 அடி கன்டெய்னரின் கூரையிலிருந்து மட்டும் சுமார் 1,500 லிட்டர் தண்ணீர் கீழே விழும். அது சுவரடியில் விழுந்து சேறாகத் தெறித்தால் எவ்வளவு நல்ல பெயின்டும் கீழே இரண்டடி செம்மண் கறையாகிவிடும். அதனால் சுவரை ஒட்டிச் செடி வைக்காதீர்கள். ஒன்றரை முதல் இரண்டடி அகலத்துக்கு ஜல்லி கொட்டிவிடுங்கள். தெறிப்பு அடங்கும், இரும்பின் அடிப்பக்கம் காய்ந்தே இருக்கும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும். அங்கே புதர் இல்லாததால் பாம்பும் பதுங்காது. ஏரிக்கரையோர மனைகளில் இது சின்ன விஷயம் இல்லை.

கூரைத் தண்ணீரைக் கூரையோரம் ஒரு தகர வாய்க்கால் வைத்துப் பிடித்துக் குழாய் வழியே டிரம்முக்கோ மழைநீர்க் குழிக்கோ விடுவது இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மீஞ்சூர்ப் பக்கம் அது சட்டத்துக்காக மட்டும் செய்ய வேண்டிய வேலையும் அல்ல. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்த பகுதி அது. நிலத்தில் இறக்கும் ஒவ்வொரு வாளி மழைநீரும் உங்கள் செடிக்கே திரும்பி வரும்.

இப்போது அந்த இருட்டு இடைவெளி. இதை மறைக்க ஷீட் வெட்டி அடிப்பவர்கள் உண்டு. தட்டினால் ஓசை வரும், ஓரம் துருப்பிடிக்கும். என்னைக் கேட்டால் இதற்குத் திண்ணையை மிஞ்சிய வழி இல்லை. வாசல் பக்க நீளம் முழுக்க, ஒன்றரை அடி உயரம், ஒன்றே முக்கால் அடி அகலத்தில், ஹாலோ பிளாக் அடுக்கி மேலே கடப்பா கல் போட்டுவிட்டால் மூன்று வேலைகள் ஒன்றாக முடிகின்றன. அடி மறைந்துவிடும். வீடு தரையிலிருந்து எழுந்ததாகத் தெரியும். மாலையில் நாலு பேர் உட்கார இடமும் கிடைக்கும். எந்தச் செடியும் தராத ஒரு களையை உட்கார்ந்து பேசும் மனிதர்கள் வீட்டுக்குத் தந்துவிடுவார்கள்.

திண்ணை கட்டும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. அது ஜல்லிப் பட்டை போட வேண்டிய இடத்திலேயே வருவதால் வாசல் பக்கத்துக்கு ஜல்லி திண்ணைக்கு முன்னால் வரட்டும். திண்ணையை வீட்டுத் தகட்டோடு சிமென்ட் வைத்து ஒட்டிவிடாதீர்கள். இரும்பு வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். ஒட்டிய இடம் விரிசல்விட்டு அதற்குள் தண்ணீர் இறங்கும். இரண்டு இஞ்சு இடம் விட்டுவிட்டு, மேலே கூரையை நாலடி நீட்டி நிழல் போடுங்கள், மழை அந்த இடுக்கில் விழாது. பிளாக் வரிசையில் ஆறேழு இடங்களில் ஜாலி, அதாவது காற்றுத் துளையுள்ள கல், பதித்தால் மேலே சொன்ன காற்றுக் கணக்கு சரியாகிவிடும். ஜாலிக்குப் பின்னால் எலி வலை அடிப்பதை மறக்க வேண்டாம். கடப்பா கல் கறுப்பு, வெயில் பட்டால் தொட முடியாது. ஆக நிழல் இல்லாத திண்ணைக்கு அந்தக் கல்லைப் போடாதீர்கள், சிமென்ட் பூச்சே போதும்.

வாசலுக்கு முன்னால் நாலடிக்கு நாலடி சமதளம் கட்டாயம் வேண்டும். கோலம் போட இடமில்லாத வாசல் எவ்வளவு செலவழித்தாலும் நம் கண்ணுக்கு வாசலாகத் தெரிவதில்லை. அந்தச் சதுரத்திலிருந்து கேட் வரை நேர்வழி போடுங்கள். பேவர் பிளாக் போதும், கீழே எம்-சாண்ட் பரப்பிப் பதித்தால் இடுக்கு வழியே மழைநீர் இறங்கும். முற்றம் முழுக்கச் சிமென்ட் போடும் பழக்கத்தைத்தான் விட வேண்டும். வெயிலில் அது சுடும், அந்தச் சூடு தகட்டுச் சுவரில் பட்டு வீட்டுக்குள் ஏறும். வழி நாலடி அகலம் இருக்கட்டும், இரண்டு பேர் சேர்ந்து நடக்க, சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வர, பண்டிகை நாளில் செருப்புகள் குவிய.

நீளத்தை உடைப்பது எளிது. ஒரே உயரத்தில் செடி வரிசை வைத்தால் நீளம் இன்னும் நீளமாகத் தெரியும். வீட்டின் ஒரு மூலையில் உயரமாக ஒன்று, வாசலின் ஒரு பக்கம் இடுப்பளவுப் புதர் ஒன்று, மற்ற இடங்களில் முழங்கால் அளவு. இப்படி ஏற்ற இறக்கம் இருந்தால் போதும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நிழலைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். தகட்டு வீட்டில் அழகைவிட முக்கியம் அதுதான். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை நடுவிலும் ஆவணி தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே கோடையில் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. ஆனாலும் கொடுமையான வெயில் மேற்கிலிருந்து வருவதுதான், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சாய்வாக அடித்துச் சுவர் முழுக்கச் சுடும். மரம் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் அதை மேற்கே வையுங்கள். கிழக்கை அடைக்காதீர்கள். பிற்பகலில் கடல்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். அது இல்லாத மே மாதத்தை வட சென்னையில் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்த மரம்? என் முதல் தேர்வு புங்கம். உப்புக்காற்று, களிமண், சில நாள் நிற்கும் தண்ணீர் எல்லாவற்றையும் தாங்கும். மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் பளபளவென்று புதுத் தளிரோடு நிழல் விரிக்கும். கடற்கரைக்கு இன்னும் அருகே என்றால் பூவரசு. அதற்குக் கன்றுகூட வாங்க வேண்டாம். யாராவது கிளை கழிக்கும்போது மணிக்கட்டுத் தடிமனில் ஒரு போத்து கேட்டு வாங்கி நட்டால் துளிர்த்துவிடும். வேம்பு நல்லதுதான், ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் தவிக்கும். அரசும் ஆலும் வேண்டவே வேண்டாம், ரெடிமேட் வீட்டின் லேசான அடித்தளத்தை அவற்றின் வேர் தூக்கிவிடும். புங்கத்தையே வீட்டிலிருந்து 12 அல்லது 15 அடி தள்ளித்தான் நட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சாலையோரம் ஆழமில்லாத வேரும் அகன்ற தலையுமாக நின்ற மரங்கள் எத்தனை சாய்ந்தன என்று பார்த்தோமே. முருங்கை வைக்காத வீடு நம் பக்கம் குறைவு, வையுங்கள். ஆனால் அதன் கிளை எளிதில் முறியும் என்பதால் கூரைக்கு மேல் வளரவிடாமல் வெட்டிக்கொண்டே இருங்கள்.

மண் அடித்த மனையில் மரம் நடுவதற்குப் பொறுமை வேண்டும். கடப்பாரையால் இரண்டு குத்துக் குத்தி, பாலித்தீன் பையைக் கிழித்துக் கன்றைச் செருகிவிட்டுப் போனால் அது இரண்டு வருடமானாலும் அப்படியேதான் நிற்கும். மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் எடுங்கள். மேலே வரும் கிராவலை ஒரு பக்கம், கீழே வரும் செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, காய்ந்த சிமென்ட் கட்டிகளை இன்னொரு பக்கம் போடுங்கள். சிமென்ட் கட்டிகளைத் திரும்ப உள்ளே போடக் கூடாது. அவை மண்ணைச் சுண்ணாம்பாக்கி இலையை மஞ்சளடிக்கச் செய்யும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்பி, ஒரு முறை தண்ணீர்விட்டு அமுங்கவிட்டு, மறுநாள் நடுங்கள். ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். கார்த்திகை வெள்ளத்தில் நட்ட கன்று அழுகத்தான் செய்யும்.

மரம் வளரும்வரை மேற்குச் சுவருக்குக் கொடி. கொடியை நேராகத் தகட்டில் ஏற்றாதீர்கள், தளிர் கருகும், தகட்டில் ஈரமும் நிற்கும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஜிஐ பைப் நட்டுக் கம்பி கட்டி அதில் ஏற்றுங்கள். நடுவில் காற்று ஓடும், சுவர் குளிரும். ரங்கூன் மல்லி வேகமாக மூடும். மாலையில் மணக்கும், வெள்ளையாகப் பூத்துச் சிவப்பாக மாறும். காகிதப்பூ உப்புக்கும் வெயிலுக்கும் அஞ்சாது, தண்ணீர் குறைத்தால்தான் அதிகம் பூக்கும். சங்குப்பூ விதை போட்டாலே வந்துவிடும்.

புதர்களில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நம்பகமானவை. இட்லிப்பூ அழகுதான், ஆனால் உப்பு போர் தண்ணீரில் இலை வெளுத்துவிடும். அதைத் தொட்டியில் மழைநீர் ஊற்றி வளர்த்தால் உண்டு. அரளி எதையும் தாங்கும், ஆனால் முழுச் செடியும் நஞ்சு. சின்னப் பிள்ளைகளோ ஆடு மாடோ வரும் வீட்டில் வைக்காதீர்கள். நித்தியகல்யாணியும் அதேபோல் வாயில் போடக் கூடாதது, மற்றபடி எண்ணூர் மணலில்கூடப் பூத்துக்கொண்டே இருக்கும்.

புல்வெளி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நர்சரியில் பாய்போல் சுருட்டித் தரும் புல் தினமும் நல்ல தண்ணீர் கேட்கும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் அது நியாயமும் இல்லை. அதற்குப் பதில் பொடுதலை. ஏரிக்கரையிலும் உப்புத் தரையிலும் தானாகப் படர்ந்து கிடக்கும் அந்தச் சின்ன இலைக் கொடியை நாலு கை பிடுங்கி வந்து அரையடி இடைவெளியில் நட்டால் தரையை மூடிவிடும். மிதித்தாலும் சாகாது, குட்டிக் குட்டிப் பூவில் பட்டாம்பூச்சி உட்காரும். யாரும் விலை கொடுத்து வாங்காத செடி என்பதாலேயே அதை மதிக்காமல் விட்டுவிட்டோம்.

தண்ணீரில் இன்னொரு கவனம். ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது நல்ல பழக்கம் என்று நினைக்கிறோம். ஏற்கெனவே உப்பான போர் தண்ணீரிலிருந்து வரும் அந்தக் கழிவில் உப்பு இன்னும் கூடுதல், இலை நுனி கருகுவது அதனால்தான். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது, அது தொட்டிச் செடிக்கு. துணி துவைத்த தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும்.

மனையே இல்லாமல், ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ மொட்டைமாடியில் ஷீட் அறை போட்டவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். அங்கே மேற்குப் பக்கம் பச்சை வலை, அதன் முன்னால் பெயின்ட் வாளிகளில் ஓமவல்லி, கற்றாழை, துளசி, மருள், இவ்வளவே அந்த அறையின் தோற்றத்தை மாற்றிவிடும். வாளிக்கு அடியில் ஓட்டை போட்டு, செங்கல் மேல் வையுங்கள். மண்ணோடு தேங்காய் நார்க்கழிவு கலந்தால் எடை குறையும், கூரைத் தளத்துக்கு அது நல்லது. அடியில் தட்டு வைத்தால் கொசு முட்டையிடும்.

பெயின்டைப் பற்றி ஒரு வரி: வெள்ளை அல்லது வெளிர் மணல் நிறம், கதவுக்கு மட்டும் அடர்ந்த நிறம். பச்சைச் செடி வெளிர் நிறத்தின் முன்னால்தான் எடுபடும், வீடும் குறைவாகச் சுடும்.

அனல்மின் நிலையப் பக்கம் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது இலைகளின் மேல் தண்ணீர் தெளித்துச் சாம்பலைக் கழுவிவிடுங்கள். கழுவாத இலை மூச்சுத் திணறும், பூவும் குறையும். ஐப்பசி பிறந்ததும் புங்கத்தின் உள்கிளைகளைக் கழித்துக் காற்று புகும்படி ஆக்குங்கள். கொடிக் கம்பிகளை இழுத்துப் பாருங்கள். புயல் அறிவிப்பு வந்தால் பச்சை வலையை அவிழ்த்து மடித்து உள்ளே வையுங்கள், தொங்கும் தொட்டிகளை இறக்கித் திண்ணையடியில் சேர்த்துவிடுங்கள். நட்ட முதல் கோடையில் மட்டும் வாரத்துக்கு மூன்று நாள் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். அடுத்த கோடையில் அது தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்.